மாப்பிள்ளையின் மோவாய்

என் அக்காவின் கணவர் செல்போன் பழுது பார்ப்பவர். அவரைப் போல அடக்கமான மாப்பிள்ளை உலகத்திலேயே கிடையாது என்று என் அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என் முன்னாடி தலை நிமிர்ந்ததே இல்ல" என்பாள். வாஸ்தவம்தான். ஆனால் அவர் யார் முன்னாலும் நிமிர்ந்ததில்லை. நாள் பூராவும் போனின் வயிற்றைத் திறந்துவைத்துக்கொண்டு, கடுகளவு திருகாணிகளைத் தேடித் தேடி அத்தானின் கழுத்து அப்படியே நின்றுவிட்டது.

அம்மா அக்கா வீட்டோடு இருப்பவள். உடன்பிறந்தவர்களோடு தான் போட்ட சண்டைகளின் வரலாற்றைச் சாப்பாட்டு வேளையில் சொல்வாள். அத்தான் நெற்றியைப் பிடித்தபடி, குனிந்த தலை நிமிராமல் கேட்பார். எனக்கு அந்த மனிதர் மேல் அளவில்லாத மரியாதை. அவர் கேட்கிறவரை நான் கேட்க வேண்டியதில்லையே!

அத்தானுக்கு அடிக்கடி வரும் தலைவலி தாங்க முடியாமல் போனதும் அக்கா அவரை பிசியோதெரபி டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் பிடரியில் விரலை வைத்து அழுத்தியதும் அத்தான் அலறிவிட்டாராம். "வலி தலையில தெரியுது, கோளாறு கழுத்துல இருக்கு" என்றார் டாக்டர். மேசையை உயர்த்தச் சொன்னார். தோள்பட்டைகளைப் பின்னால் சேர்க்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, அரை மணிக்கொரு தடவை, குனியாமல் அண்ணாந்து பார்க்காமல் மோவாயை நேராகப் பின்னால் இழுத்து நிறுத்தச் சொன்னார். அத்தான் உடனே அலாரம் வைத்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

அடுத்த வாரம் அம்மாவிடமிருந்து போன்.

"பெரியண்ணன் என்னை வாசல்ல நிக்க வச்சதைச் சொல்லிட்டிருக்கேன்டா, உன் அத்தான் விறைப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, ஏதோ நாத்தம் அடிச்ச மாதிரி மூஞ்சியப் பின்னால இழுக்கிறாரு! இனி ஒரு நிமிஷம் இங்க இருக்க மாட்டேன். பெட்டி கட்டிட்டேன். உன் வீட்டுக்கு வரேன்."

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினேன்.

பெட்டி கூடத்தின் நடுவே இருந்தது. அது பயிற்சிதான், தலைவலிக்காகச் செய்வதுதான் என்று நானும் அக்காவும் மாற்றி மாற்றிச் சொன்னோம்.

"மூஞ்சியக் கோணினா தலைவலி போயிடுமா? யாருக்குடா காது குத்துற?" என்றாள் அம்மா.

கடைசியில் அத்தானே வாயைத் திறந்தார். "அத்தைக்குப் பிடிக்கலேன்னா விட்டுடறேன்." பழையபடி தலை குனிந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். "இத்தனை வருஷமா இப்படித்தானே உட்கார்ந்து கேட்டீங்க? நான் பட்ட கஷ்டத்துக்கு உருகிப்போயிட்டீங்கன்னு நெனச்சேன். அதெல்லாம் வலியா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா. பிறகுதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. "அப்போ நான் சொன்னதெல்லாம்?"

அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. "ஒண்ணும் காதுல ஏறல அத்தை."

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எந்த அறையைக் காலி செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது, அம்மா அத்தானுக்கு நேர் எதிரே அதைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, மோவாயை இழுங்க. மொதல்லேர்ந்து சொல்றேன்."