சுவரொட்டிப் பெண்ணின் முன்மடிப்பு

அறிந்ததையெல்லாம் கொட்டிவிடாமல், கேட்பவர்க்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே அளந்து தரும் நாவடக்கம் நற்குணங்களுள் அரியது. பொன்னைப் பூட்டி வைப்பது எளிது. வாயைப் பூட்டிய பின்பும் முகமலர்ச்சி குன்றாமல் இருப்பது ஒரு சிலர்க்கே கைகூடும். ஜப்பானிய உள்கடலோரத்துத் துறைமுக ஊரொன்றில் அக்குணம் ஷிகெனோ என்னும் பெண்ணிடம் குடியிருந்தது.

கிமோனோ என்னும் நீளங்கியைப் பிறர்க்கு உடுத்திவிடுவது ஷிகெனோவின் தொழில். அவள் கணவன் தீவுகளுக்குப் போய்வரும் படகில் வேலை பார்த்தான். வீட்டுக்கு நேர் எதிரே ‘கடற்காற்று’ திரையரங்கு. சுவரொட்டி ஒட்டுவதற்குத் தன் வீட்டு மரச்சுவரை அவள் கொடுத்திருந்தாள். அதற்கு ஈடாக எந்தப் படத்துக்கும் அவளிடம் சீட்டுக் கேட்பதில்லை. புதுச் சுவரொட்டி ஏறும் நாளில், மீன் வாங்கப் புறப்பட்டவர்களும் பொதுக் குளியலறையிலிருந்து திரும்புபவர்களும் அங்கே நின்றுவிடுவார்கள்.

“அக்கா, இது எப்படி? பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?”

ஷிகெனோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பாள். இடைக்கச்சையை முடிந்திருக்கும் அழகைக் கொண்டே ஒருத்தி மணமானவளா, யாரைக் காணக் கிளம்பியிருக்கிறாள் என்று சொல்லிப் பழகிய கண் அது. நாயகன் தாளின் ஓரத்தை நோக்கி நின்றால் ஊரைவிட்டுப் போகப் போகிறான். நடுவை நோக்கி நின்றால் திரும்பி வருவான். வானம் தெளிந்திருக்க நாயகி குடை விரித்திருந்தால், மழை அவள் நெஞ்சுக்குள்ளே பெய்கிறது. இத்தனையும் கண்டபின் அவள் சொல்வது ஒரு வாக்கியமே. “கைக்குட்டை எடுத்துட்டுப் போ” என்பாள். அல்லது, “வயிறு முட்டச் சாப்பிட்டுட்டுப் போகாதே, சிரிக்க முடியாது” என்பாள். படத்தின் உள்ளே இருப்பதை உடைத்துச் சொன்னதே இல்லை.

தவறியதும் உண்டு. நாயகன் தலைக்குமேல் ஒரு காகம் அமர்ந்திருக்கக் கண்டு, பக்கத்து வீட்டுக் கிழவரிடம், “நீங்க போகாதீங்க, தாங்க மாட்டீங்க” என்றாள். படமோ, துறவி ஒருவரின் பொய்ப்பல்லைக் காகம் தூக்கிக்கொண்டு பறக்கும் நகைச்சுவை. அதன்பின் அவளைத் தெருவில் கண்டால் கிழவர் “கா!” என்று கத்துவார். அவளும் சளைக்காமல் திருப்பிக் கத்துவாள்.

அவ்வாண்டு, மறைந்தோர் தம் வீடு திரும்பும் ஓபோன் நாட்களுக்கென்று, அரங்கின் உரிமையாளர் யசோகிச்சி ஒரு காதல் படத்தை வரவழைத்திருந்தார். காலையில் சுவரொட்டியை ஒட்டி முடித்து, அழகு பார்க்கப் பின்னுக்கு நகர்ந்தவர் அலறினார்.

“ஷிகெனோ! சீக்கிரம் வா! என் குடி முழுகிப்போச்சு!”

ஆற்றங்கரைத் திருவிழாக் காட்சி அது. காகித விளக்குகளின் கீழே ஓர் இளைஞன். அருகில் நீலப்பூ அச்சிட்ட கோடைக் கிமோனோவில், கண்ணும் சேர்ந்து சிரிக்க ஒரு பெண். அவளுடைய முன்மடிப்பில் வலப்பக்கத் துணி இடப்பக்கத்தின்மேல் ஏறியிருந்தது. உயிரோடிருப்பவர் எவரும் அப்படி உடுத்துவதில்லை. பிணத்துக்கு உடுத்தும்போது மட்டுமே வலப்பக்கம் மேலே வரும்.

“அச்சடிச்சவன் படத்தைத் திருப்பிப் போட்டுட்டான். ஓபோன் நேரத்துல இப்படி ஒரு அபசகுனமா! மை கொண்டா, மடிப்பை மாத்தி வரைஞ்சிடறேன்.”

“தூரிகையைக் கீழே வைங்கண்ணே. திருப்பிப் போட்டிருந்தா அந்தப் பையனோட மடிப்பும் மாறியிருக்கணுமே? அது சரியாத்தான் இருக்கு. விளக்குல எழுத்தும் நேராத்தான் நிக்குது.”

ஷிகெனோ இன்னும் கிட்டே போனாள். விளக்கின் செம்மை இளைஞனின் கன்னத்தில் படிந்திருந்தது. பெண்ணின் கன்னத்தில் ஒரு பொட்டுச் செம்மையும் இல்லை. அவனுடைய மரச்செருப்பு தெரிந்தது. அவள் பாதங்கள் இருக்கவேண்டிய இடத்தில் புல் உயர்ந்து நின்றது.

“வரைஞ்சவன் தெரிஞ்சேதான் வரைஞ்சிருக்கான்” என்றாள்.

“அப்போ இவ செத்தவளா? காதல் படம்னு சொல்லித்தானே அனுப்பினான், படுபாவி!”

“காதல் படந்தான். அதை ஊரெல்லாம் கூவாம போய் அரங்கைக் கூட்டுங்க.”

வாயை மூடுவது யசோகிச்சிக்கு அவ்வளவு எளிதாக வராது. கையால் பொத்திக்கொண்டு போனார்.

அவர் போனதும், டோஃபு என்னும் சோயாக் கட்டியை வீடு வீடாக விற்கும் குமாஜிரோ மிதிவண்டியை அங்கே நிறுத்தினான். அவன் மனைவி இசோ குளிர்காலத்தில் இறந்துபோனாள். அவளுக்குக் கடைசி உடையை உடுத்திவிட்டவள் ஷிகெனோ; அருகிலிருந்து கச்சையை எடுத்துக் கொடுத்தவன் குமாஜிரோ. அன்று முதல் அவன் மனைவியின் பெயரை உச்சரித்ததில்லை. வாசல்தோறும் டோஃபுவை வைத்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் போய்விடுவான்.

“அக்கா, இந்தப் பொண்ணு எவ்வளவு நல்லாச் சிரிக்கறா!”

“ம்.”

“சாயங்காலக் காட்சிக்குப் போகலாம்னு இருக்கேன். வீட்ல சொந்தக்காரங்க வந்து நிறைஞ்சிருக்காங்க. என் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து மூக்கை உறிஞ்சறாங்க. யாரும் சாகாத இடத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வர்றேன். சரிதானே?”

அவன் சுவரொட்டிப் பெண்ணின் முகத்தை மட்டுமே பார்த்திருந்தான். சொன்னால், மாதக்கணக்கில் அடைந்து கிடந்து இன்று வெளியே எட்டிப் பார்த்த மனிதன் மறுபடியும் கதவைச் சாத்திக்கொள்வான். சொல்லாவிட்டால், இருட்டில், ஊரார் நடுவில், தன்னந்தனியாக அதைக் கண்டுகொள்வான். ஷிகெனோ இத்தனை காலம் காத்த அடக்கம் ஒருபுறம் இழுத்தது. எதிரே நின்ற மனிதன் ஒருபுறம் இழுத்தான்.

“குமாஜிரோ, முகத்தை விடுப்பா. முன்மடிப்பைப் பாரு.”

பார்த்தான். மிதிவண்டி ஒருபக்கம் சாய, பின்னால் டோஃபு மிதந்த வாளியில் தண்ணீர் தளும்பித் தரையை நனைத்தது.

“அன்னிக்கு நீங்க வீட்ல உடுத்திவிட்ட மாதிரி.”

“ஆமாம்.”

மிதிவண்டியை நிமிர்த்திக்கொண்டு, “பயமுறுத்த வர்றவளா?” என்று கேட்டான்.

அக்கேள்வியை ஷிகெனோ எண்ணியிருக்கவில்லை. மறுபடியும் சுவரொட்டியிடம் போனாள். பெண்ணின் முகத்தில் விடை இல்லை. சிரிப்பு எதையும் மறைக்கக்கூடியது. இளைஞனிடம் தேடினாள். அவன் கையில் ஒரு வட்ட விசிறி. அது அவன் மார்பை நோக்கி இராமல் அவள்பக்கம் சாய்ந்திருந்தது. அவள் காதோரத்து முடி அந்தக் காற்றில் மெல்ல எழும்பியிருந்தது.

“இல்லப்பா. விசிறியைப் பாரு. அவளுக்குத்தான் வீசறான். பயந்தவன் ஓடுவானே தவிர வீச மாட்டான். அவளுக்கு வேர்க்குமேன்னு கவலைப்படறான், பைத்தியக்காரப் பய.”

“செத்தவளுக்கு எங்கக்கா வேர்க்கும்?”

“அது அவனுக்குத் தோணலையே!”

அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஓர் ஒலி குமாஜிரோவிடமிருந்து எழுந்தது. “கடைசில என்ன ஆகும்?” என்றான்.

“அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். போறதும் போகாததும் உன் இஷ்டம்.”

அவன் மாலையில் போனான். படம் முடிந்து ஊரார் கண்ணைத் துடைத்தபடி கலைந்த பிறகு, கடைசியாக வெளியே வந்து நேரே ஷிகெனோவின் வாசலில் நின்றான்.

“படம் முழுக்க ‘சாப்பிட்டியா, சாப்பிட்டியா’ன்னு அவனைக் கேட்டுட்டே இருக்காக்கா. இசோவும் அப்படித்தான். வாய்ல சோறு இருக்கும்போதே கேப்பா. எனக்கு எவ்வளவு எரிச்சல் வரும் தெரியுமா!”

“உள்ளே வந்து சொல்லு. சேமியாவைக் குளிர வச்சிருக்கேன்.”

அவன் உண்டான், உண்டபடியே இசோவைப் பற்றிப் பேசினான். குளித்துவிட்டு வந்த ஷிகெனோவின் கணவன் எதிரே அமர்ந்து, “அப்புறம்? வேற என்ன சொல்லுவாங்க?” என்று கேட்கவும், குமாஜிரோ கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைப் போலவே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டினான்.

அடங்க வேண்டிய பொழுதில் அடங்கிய அந்த நாவும், அதைத் தளர்த்த வேண்டிய பொழுதறிந்த அந்த நெஞ்சும் குடிகொண்ட மனை நீடு வாழ்க. அதன் கலத்தில் உணவு குறையாதிருக்க. வாசலில் வருவோர் காலடி ஓயாதிருக்க. அவள் கணவன் ஏறும் படகுக்குக் கடல் இனிதே வழிவிடுக. இருப்போரும் மறைந்தோரும் ஒருசேர நின்று அவ்வில்லத்தை வாழ்த்துக.