தம்பியைத் தேடாதவரே விசாரணை அதிகாரி!

இன்று போலீஸ் ஸ்டேஷனில் எனக்குக் கிடைத்த விசாரணை அதிகாரி யார் தெரியுமா மக்களே?

(எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். தம்பியை இன்னும் அவர்கள்தான் தேட வேண்டும். பயம்!)

தெரியாதவர்களுக்கு: என் தம்பி சீனு, ஏசி மெக்கானிக். போன வெள்ளிக்கிழமை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து எனக்குப் போன் செய்தான்.

"அக்கா, திண்டிவனம் பஸ்ஸு நிக்குது. மல்லாட்டை வாங்கிக்கினு வர்றேன்."

(மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.) அதோடு போன் ஆஃப். ஆள் வீட்டுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரிகளில் பேரைச் சொல்லிக் கேட்டோம். அப்படி யாரும் இல்லை என்றார்கள்.

ஸ்டேஷனுக்குப் போனால் எஸ்.ஐ. சிரிக்கிறார்.

"வயசுப் பையன்மா. எங்கனா சுத்திக்கினு இருப்பான், தானா வருவான்."

பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு செல்போன் கடை, வாசலில் கேமரா. கடைக்கார அண்ணனைக் கெஞ்சினேன்.

"போலீஸ் ஒரு வார்த்த சொன்னா காட்றேன்மா. ஜல்தியா சொல்லச் சொல்லு, ஒரு வாரம் ஆனா அழிஞ்சிரும்."

எஸ்.ஐ. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவே இல்லை. அவர் தேடவில்லை என்று மேலிடத்துக்கு ஆன்லைனில் மனு போட்டேன்.

இன்று காலை போன். "உங்க மனுவ விசாரிக்கணும், வாங்க."

அப்பாடா என்று ஓடினேன்!

நாற்காலியில் அதே எஸ்.ஐ.!!

"வாம்மா. எம்மேல மனு போட்டியாமே? விசாரிக்கச் சொல்லி எங்கிட்டயே வந்துக்குது. சொல்லு, நான் இன்னா தப்பு பண்ணேன்?"

(பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிறார்!)

கோபத்தைக் காட்டினால் தம்பியை யார் தேடுவது?

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"அப்போ போலீஸ் நடவடிக்கை முழுத் திருப்தின்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கி கடைக்காரனாண்ட பேசறேன்."

"நாளைக்கின்னா அழிஞ்சிரும், இப்பவே பேசுங்க சார். நீங்க போனை வெக்கறதுக்குள்ள போட்டுடறேன்."

முறைத்தார். பேசினார். போட்டேன்.

கடைக்கு ஓடினேன். கடைக்கார அண்ணன் வெள்ளிக்கிழமைப் பதிவை ஓட்டிக் காட்டினார்.

சீனு கடலைப் பொட்டலத்தோடு பஸ் பக்கம் நடக்கிறான். தலையைப் பிடித்துக்கொள்கிறான். அப்படியே சுருண்டு விழுகிறான். யாரோ தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். கீழே கிடந்த அவன் செல்போனை இன்னொருவன் எடுத்துக்கொண்டு நழுவுகிறான்.

பேரைச் சொல்லக்கூட நினைவில்லாமல் எந்த வார்டில் கிடக்கிறானோ! ஒரே ஒரு போன், மக்களே! எஸ்.ஐ. அன்றைக்கே பேசியிருந்தால்!

இப்போது ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டே எழுதுகிறேன். வண்டி குலுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

போலீஸ் தேடுகிறதா என்று பார்க்க, போலீஸ் அல்லாத ஒருவர் வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

சீனுவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள். "முழுத் திருப்தி" என்று கையெழுத்துப் போட்ட இந்த அக்காவைத் திட்டாதீர்கள்.