கலிங்க அடைச்ச வரப்பு

அக்கா, உன்னத்தான் கூப்புடறேன். மழ இருட்டிகினு வந்தா இப்பவும் உன் பேருதான் வாயில வருது.

ஆரணி எல்லையில, எங்கூட்டுக்குப் பின்னாடிதான் அந்த மேட்டு நெலம். நைனா தறியில பட்டு நெஞ்சிகினு இருந்தாலும் உசுரெல்லாம் அதுமேலதான். மழ பேஞ்சா மேமண்ணு கரஞ்சி ஓடிரும். அத்த நிறுத்தறதுக்கு கவர்மெண்டு மானியத்துல ஆளு ஒசரத்துக்கு மண்வரப்பு போட்டுக் குடுத்தாங்க. ரொம்புன தண்ணி வெளிய போவ நடுவுல கல்லு வெச்சி ஒரு கலிங்கு. எத்த மறந்தாலும் அத்த மட்டும் அடைச்சிராதீங்கன்னு சொல்லிட்டுத்தான் ஆபீசரு ஜீப்பு ஏறுனாரு.

கலிங்குத் தண்ணி போய் வுழறது பெரியப்பா கொல்லையில. பாகம் பிரிச்சதுலருந்து நைனாவும் அவரும் பேசறதில்ல. மொத மழைக்கே அவரு பயிரு கருகருன்னு எழும்பிச்சி. தம்பி வரப்பு கட்டுனான், நான் நெல்லு அறுக்கறேன்னு டீக்கடையில சொன்னாராம். மறுநாளே நைனா கல்லும் சேறும் போட்டு கலிங்க அடைச்சிட்டாரு.

நீ தறிக்கு நூல தார்ல சுத்திகினே கேட்ட: "அவுரு கொல்ல நனைஞ்சா உனுக்கு ஏன் நைனா குளுருது?"

நைனாவே சிரிச்சிட்டாரு. கல்ல மட்டும் எடுக்கல.

ஐப்பசி மழ புடிச்சிது, வுடல. வரப்புக்குள்ள தண்ணி ஏறிகினே இருந்துச்சி. நீயும் நானும் பாக்கப் போனோம். வெளிப்பக்கம் நண்டு வளையிலருந்து தண்ணி கசிஞ்சிது. மொதல்ல தெளிவா, அப்பறம் செவப்பா. உள்ள மண்ணு கரையுது.

"நைனாவ ஜல்தி கூட்டிகினு வா, நான் கலிங்குல அடைச்ச கல்லப் பேத்தெடுக்கறேன்"னு சொன்ன.

நைனா தறிக்குழியிலருந்து அப்பிடியே ஓடியாந்தாரு. வந்து பாத்தா வரப்பு வாயத் தொறந்துகினு இருந்துச்சி. நீ இல்ல.

உன்னக் கண்டுபுடிச்சது பெரியப்பாதான். அவரு நெல்லுக்கு நடுவுல, மூச்சில்லாம. தோள்ல தூக்கியாந்து நைனா முன்னாடி எறக்கி வெச்சாரு.

திரும்ப மானியம் வந்து வரப்ப எழுப்பிட்டாங்க. கலிங்கு கட்டறதுக்கு நைனாவே கல்லு சொமந்தாரு. மழ வந்தா அண்ணனும் தம்பியும் அதாண்ட போயி நின்னுக்கறாங்க, தண்ணி செவப்பா வருதான்னு பாத்துகினு. இன்னிக்கும் மலப்பக்கம் கருத்துகினு வருது. ரெண்டு பேரும் வரப்பாண்ட போயிட்டாங்க.

இத்தப் படிக்கறவங்க எந்தச் சாமியக் கும்புட்டாலும் சரி, எங்க அக்காவுக்கும் சேத்து ஒரு வார்த்த வேண்டிக்குங்க.