இருமலுக்குக் காதைப் பார்த்த டாக்டர்

1. அஞ்சலை

அஞ்சலை இருமிக்கொண்டேதான் உள்ளே வந்தாள். மீன் கூடை சுமக்கிறவள். மாசக்கணக்கில் வறட்டு இருமல். காசநோய்க் கிருமி இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியும் மாமியார் நம்பவில்லை. கைக்குழந்தையைப் பிரித்துத் தன்னோடு வைத்துக்கொண்டாள். அன்றும் குழந்தையோடு கேட்டுக்கு வெளியேதான் நின்றாள்.

பிரெஞ்சுக்காரர்கள் போன மறுவருஷம் அது. ஓட்டலில் இலை எடுத்து, உப்பளத்தில் மண் சுமந்து, லாரி கிளீனராக அலைந்துவிட்டு, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டிருந்தேன். காது, மூக்கு, தொண்டைப் பகுதியில் நோயாளியின் தலை ஆடாமல் பிடிப்பது என் வேலை.

டாக்டர் தொண்டையைப் பார்த்தார். ஒன்றுமில்லை. வழக்கப்படி காதுக்குள் குழலை வைத்தார். வலது காதில் சும்மா இருந்தவள், இடது காதைத் தொட்டதும் இருமினாள். எடுத்தார், நின்றது. வைத்தார், இருமினாள்.

"இருமலுக்குக் காத நோண்டுறாரே, இன்னாண்ணே இது?" என்றாள் என்னிடம்.

"ஆடாத இரும்மா."

2. செதில்

டாக்டரின் சாமண இடுக்கியில் வந்தது ஒரு மீன் செதில். கூடையிலிருந்து விழுந்து, அழுக்கோடு இறுகிப்போயிருந்தது. அதை இழுத்த அந்த நிமிஷம் அஞ்சலைக்கு முகம் வெளுத்து, தலை என் கையில் சாய்ந்தது.

"நாடியப் பாரு!"

"ரொம்ப மெதுவா இருக்கு முசே" என்றேன். பிரெஞ்சில் 'ஐயா' என்பதை அங்கே அப்படித்தான் சொல்வோம்.

"படுக்க வை. காலத் தூக்கிப் புடி."

கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள். "எம் புள்ள எங்க?" என்றாள்.

பயந்து நின்ற என்னிடம் டாக்டர் சொன்னார்: "மூளையிலேருந்து ஒரு பெரிய நரம்பு எறங்குது. தொண்டை, நுரையீரல், இதயம் எல்லாத்துக்கும் அதான். அதோட சின்னக் கிளை ஒண்ணு காதுல இருக்கு. அங்க உரசினா, தொண்டையிலதான் என்னமோ இருக்குன்னு மூளை இரும வைக்கும். பலமாத் தொட்டா, சில பேருக்கு இதயத்தையே மெதுவா அடிக்கச் சொல்லிடும்."

3. கேட்டுக்கு வெளியே

மாமியாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"காதுல செதிலாம், அதனால இருமலாம்! யார்கிட்ட கத வுடுற? எம் பொண்ணு இப்படித்தான் இருமி இருமிச் செத்தா."

அஞ்சலையைக் கூட்டிவந்து மர நிழலில் உட்காரவைத்தேன். கிழவி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். நிழல் சுவர்ப்பக்கம் நகர்ந்துவிட்டது. ஓர் இருமல்கூட வரவில்லை.

"இந்தாடி, புடி. கை கடுக்குது."

குழந்தைக்குத் தாயை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டது. அஞ்சலை அதன் காதைத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்தாள். அழுகை விம்மலாகி அடங்கியது. கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

வலிக்கிற இடத்தில்தான் நோய் இருக்கும் என்று நினைப்பதை அன்று விட்டேன். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலம் தங்காதவன், அந்த வேலையில் மட்டும் தங்கினேன்.