பயித்தங்கொடிக்குக் காவல் நின்ற கூறை

வேலணையில் சத்தியபாமா அக்காவுக்குச் சொத்தென்று இருந்தது ஆறு வரிசைப் பயித்தங்கொடி. அதைத் தின்னவென்றே கட்டாக்காலி மாடுகளும் ஊருக்குள் திரிந்தன. எல்லாரையும் போல அக்காவும் தோட்டத்தைச் சுற்றிப் பழைய சீலைகளைக் கட்டியிருந்தா. காற்றுக்குச் சீலை எழும்பி அடித்தால் மாடு வெருண்டு திரும்பிவிடும். இது அங்கே பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

மாடுகள் புகுகிற கிழக்கு மூலையில் மட்டும் தன்ர கூறைச் சீலையைக் கட்டியிருந்தா. சரிகை போட்ட சிவப்புக் கூறை. அதைத் தந்து தாலி கட்டின மனுசன் எட்டாம் மாதமே சொல்லாமல் கொள்ளாமல் சுவிசுக்குப் போய்விட்டார். இருபது வருசமாகிறது. அங்கே அவருக்கு இரண்டு பிள்ளைகளாம். “மனுசனைத்தான் மறிக்க ஏலேல்லை, மாட்டையாவது மறிக்கட்டும்” என்று சொல்லித்தான் அக்கா அதைக் கொண்டுபோய்க் கட்டினவ.

அந்த நேரம் பார்த்துப் பிரான்சிலிருந்து றஜீபன் வந்து சேர்ந்தான். புங்குடுதீவுப் பெடியன். காற்றில் அசைகிற சிற்பம் செய்கிறவனாம்! சீலை வேலியைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நடுறோட்டில் விட்டுவிட்டு வாய்பார்த்துக்கொண்டு நின்றான்.

“அக்கா, காத்தை இப்பிடி வரைஞ்ச ஆளை நான் பாரிசிலயும் காணேல்லை!”

“நான் எங்க தம்பி வரைஞ்சனான்? மாட்டுக்குக் கட்டினனான்.”

“அதுதானக்கா கலை!”

யாழ்ப்பாணத்தில் கண்காட்சி, ஒரு கிழமைக்குச் சீலைகளைத் தாருங்கோ, உங்கட பேரைப் பெரிசாய்ப் போடுவன் என்றான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிற மனுசி, பேர் என்றதும் மயங்கிப்போனா. இதை ஆரிட்டைச் சொல்லி அழ! கூறையோடு எல்லாச் சீலையையும் அவிழ்த்துக் குடுத்தா. அதுகளுக்குப் பதிலாக அவன் ஒரு நைலோன் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிட்டு, “மாடுகளுக்கும் எல்லை பற்றின ஒரு உணர்வு இருக்கக்கா” என்றான்.

அந்த உணர்வு மூன்று நாள்தான் தாங்கியது. நாலாம் நாள் விடிய எழும்பிப் பார்த்தால் இரண்டு வரிசையைக் காணவில்லை. கொம்பு முறிந்த வெள்ளை மாடொன்று மூன்றாம் வரிசையில் வாய் வைத்துக்கொண்டு நின்றது. அதைக் கலைத்து, அயல்வீட்டு நிலாந்தினியைக் காவலுக்கு இருத்திவிட்டு, அக்கா எட்டு மணி பஸ் ஏறினா.

கண்காட்சி மண்டபத்தில் கதவு யன்னல் எல்லாம் பூட்டு. காற்றுக்கு எட்டு ஃபான் பூட்டியிருந்தார்கள். சீலைகள் பள்ளிக்கூடத்துத் தேகப்பயிற்சி மாதிரி ஒரே சீராய் ஆடின. அட்டையில் முழ நீளத்துக்கு ‘றஜீபன்’ என்று பேர். கீழே, ‘பொருட்கள்: பழைய சீலை, காற்று.’ அக்கா இரண்டு தரம் வாசித்தா. தன்ர பேர் எங்கும் இல்லை.

நட்டநடுவில் கூறை. அதன் முன்னால் ஒரு பெட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் பிள்ளை அழுறீர்?”

“இந்தச் சீலையில ஒரு பொம்பிளையின்ர காத்திருப்புத் தெரியுது அன்ரி.”

“ஆர் பிள்ளை காத்திருக்கிறது? அங்க மாடெல்லோ காத்துக்கொண்டு நிக்குது!”

கதிரையொன்றை இழுத்துப் போட்டு ஏறி, அக்கா கூறையை அவிழ்த்தா. இதுவும் கலைதான் என்று நினைத்துச் சனம் கை தட்டியது. றஜீபன் பதறியடித்து ஓடிவந்தான்.

“ஐயோ அக்கா, அதைத் தொடக்கூடாது!”

“சீலையைத்தான் தம்பி கொண்டுபோறன். காத்தை நீர் வைச்சிரும்.”

பின்னேரம் கூறையைப் பழைய மூலையில் கட்டி முடிக்கவும் வெள்ளை மாடு வரவும் சரியாக இருந்தது. கடற்காற்று ஒரு வீச்சு வீச, கூறை அதன் மூஞ்சிக்கு நேரே எழும்பியது. மாடு நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது.

அக்காவுக்கு இருபது வருசக் கோபமும் அப்போதுதான் வாய்க்கு வந்தது. வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு கத்தினா.

“போ, போ! நீயாவது போகேக்க ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போ!”

ஒழுங்கை வளைகிற முடக்கில் மாடு நின்று, திரும்பிப் பார்த்து, “ம்மா” என்றது.