நெல் அறுக்காத மிஷின்

புல் வெட்டும் தொழிலில் ஒரு பெரிய சௌகரியம், முடித்த வேலை ஒரு மழை பெய்தால் தானே மறுபடியும் முளைத்துக்கொள்ளும். மற்றபடி முழங்கால் வரை சேறு, காதுக்குள் இரைச்சல், தோளில் பட்டை அழுத்திய தடம், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பெட்ரோல் வாசனை எல்லாம் உண்டு. மிஷினைத் தோளில் மாட்டியவர் யாராவது இதைப் படித்தால் அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாட்டாதவர்கள் எங்களுக்காக ஒரு நிமிடம் பரிதாபப்பட்டுவிட்டு மேலே படிக்கலாம்.

கம்பெனி வேலை

சிங்கப்பூரில் ஏழு வருஷம் நான் பார்த்தது புல் வெட்டும் வேலை. ஊரில் சொல்லியிருந்தது கம்பெனி வேலை. அதில் பொய் ஒன்றும் இல்லை, புல் வெட்டுவதற்கும் அங்கே கம்பெனி இருக்கிறது. திருப்பனந்தாளுக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில், தெருவுக்கு நான்கு பேராவது அந்த மாதிரி ஏதோ ஒரு கம்பெனியில் இருந்தார்கள். யாரும் யாரையும் மேற்கொண்டு கேட்டுக்கொள்வதில்லை. அது ஒரு மரியாதை.

ஆவணியில் லீவில் வந்தபோது தஞ்சாவூரைப் பார்த்து அசந்துபோனேன். ஊரைச் சுற்றிப் புதுக் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள். நெல் விளைந்த வயலை மண் கொட்டி மேடாக்கி, அதன்மேல் தண்ணீர் விட்டுப் புல் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். இனி இங்கேயே இருந்துவிடலாம் என்று ஆசை வந்தது. என் மகள் ஜெனிக்கு ஐந்து வயது. நான் அவளோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூட லீவுகூடத் தேறாது. சிங்கப்பூர் முதலாளியிடம் போனில் சொன்னேன். பொங்கல் வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகவும், அதற்குப் பிறகு வேறு ஆள் போட்டுவிடுவதாகவும் சொன்னார். அதற்குள் நிரந்தரமாக ஒரு இடமாவது பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி பிளேன். என் மனைவி எஸ்தரிடம் யோசனை கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

தொழில் தொடங்க வேண்டுமென்றால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் பண்ணையில் கூலி வேலை பார்த்து, பிறகு சொந்தமாக மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வாங்கியவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டார், வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். "புல்லு வெட்டவாடா பிளேன் ஏறிப் போனே? இங்க நம்ம வாய்க்கா கரையில இடுப்பு உசரத்துக்கு நிக்குதேடா!"

கடையில் ஒரே கேள்வி

எனக்கு வேண்டிய மிஷின் எது என்று எனக்குத் தெரியும். எடை குறைவாக, நைலான் நரம்பு சுழன்று வெட்டுகிற ரகம். நாள் முழுக்கத் தோளில் கிடக்கப் போகிற பொருள் அது. இதைத் தெரிந்து வைத்திருந்தும் நான் செய்த முட்டாள்தனம், தஞ்சாவூர்க் கடைக்கு அப்பாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனது. மாமா என் அம்மாவின் தம்பி. வாய்ப்பேச்சில் ஊருக்கே பஞ்சாயத்து.

கடைக்காரர் எந்த மிஷினைக் காட்டினாலும் மாமா கேட்ட கேள்வி ஒன்றுதான். "இது நெல்லு அறுக்குமா?" அப்பாவும் தலையை ஆட்டினார். கடையில் வேறு சாமான் வாங்க வந்த இரண்டு பேர், எனக்கு முன்பின் தெரியாதவர்கள், அவர்களும் அதையே கேட்டார்கள். புல்லுக்கென்றே ஒரு மிஷின் வாங்கினால் ஊர் சிரிக்கும் என்று மாமா அடித்துச் சொன்னார். எனக்கும் ரோசம் வந்துவிட்டது. கடைசியில் பல்சக்கரம் மாதிரி பிளேடும், நெற்பயிரை அணைத்துச் சாய்க்க ஒரு தகடும் வைத்த பெரிய மிஷினை வாங்கினோம். தூக்கினால் சிமெண்டு மூட்டை. கடைக்காரர் பில்லை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். "சார், இந்த மாசம் புல்லு வெட்டுற மிஷின்னு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் அதை வாங்கலை."

குறுவையில் வெள்ளோட்டம்

புரட்டாசியில் எங்கள் மூன்று மாவில் குறுவை அறுப்பு. பக்கத்து வயல்களில் பெரிய அறுப்பு மிஷின் இறங்கியிருந்தது. எங்கள் வயலுக்கு அது வர வழியில்லை. அதனால் எங்கள் மிஷினே அறுக்கப்போகிறது என்று மாமா ஊர்முழுக்கச் சொல்லிக் கூட்டம் சேர்த்துவிட்டார். முந்தின நாள் மழையில் பயிர் நாலா பக்கமும் சாய்ந்து கிடந்தது. நான் மிஷினை முடுக்கி இறங்கினேன்.

அறுத்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தாள் கிழக்கே, ஒரு தாள் மேற்கே, பாதி நெல் சேற்றில். கையால் அறுக்கிறவர்கள் கதிரெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி அரி அரியாகப் போட்டுக்கொண்டே போவார்கள். அப்போதுதான் கட்ட முடியும். பின்னால் கட்டுக் கட்ட வந்த செல்லம்மா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டார். நான் எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "அறுக்கறது பெரிசில்ல தம்பி, படுக்க வைக்கத் தெரியணும். இதை நான் கட்டணும்னா முதல்ல பொறுக்கணும்."

கல்லறைத் தோட்டம்

நெல் போகட்டும், புல்லாவது வெட்டுவோம் என்று கிளம்பினேன். முதல் வேலை மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில். நான் லுத்தரன் சபை. அந்தக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அதைப் பெரிதுபடுத்தவில்லை, புல்லுக்கு சபை கிடையாது என்று சொல்லி வேலையைக் கொடுத்தார். கல்லறைத் திருநாளுக்கு மூன்று நாள்தான் இருந்தது. ஐப்பசி மழையில் சிலுவைகள் தலை மட்டும் தெரிய நின்றன.

இங்கேதான் தொழிலின் பால பாடம். கல்லும் சிமெண்டும் உள்ள இடத்தில் பிளேடு ஆகாது. நைலான் நரம்பு கல்லில் பட்டால் நரம்பு தேயும், பிளேடு பட்டால் கல் தேயும். இது தெரிந்த நான், எடை தாங்காமல் கை ஒரு சாண் இறங்கி, ஒரு கல்லறையின் மூலையைப் பெயர்த்துவிட்டேன். பூ நட வந்திருந்த அந்தக் குடும்பத்துப் பெரியவர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டு, அன்று சாயங்காலமே சிமெண்டு குழைத்துப் பூசிக்கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை. சொன்னது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. "உசுரோட இருந்தவரைக்கும் எங்கப்பா யாருகிட்டயும் ஒரு வெட்டு வாங்குனதில்ல தம்பி."

டாக்டர் வீட்டுக் கொடி

அதற்குப் பிறகு அந்தப் பெரிய மிஷினிலேயே பிளேடைக் கழற்றிவிட்டு நரம்பு மாட்டினேன். நரம்பு சரி, மிஷின் சரியில்லை. அந்த வேகத்துக்கு அது புல்லை வெட்டவில்லை, அரைத்துத் துப்பியது. கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை விட்டு வெயில் வந்த அன்று, மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு டாக்டர் வீட்டுத் தோட்டம். அதே வெயிலை நம்பி அந்த வீட்டம்மா மகனின் வெள்ளைக் கோட்டுகள் ஐந்தையும் கொடியில் போட்டிருந்தார். மகன் அப்போது டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

நான் கண்ணாடியும் காது மூடியும் போட்டிருந்தேன். அந்தம்மா கத்தியது கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது ஐந்து கோட்டும் பச்சைப் புள்ளி போட்டுத் தொங்கின. அந்தம்மா ஒரு கோட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆபரேஷனுக்குப் பச்சை டிரஸ்தான போடுவாங்க? படிச்சு முடிக்கறதுக்குள்ள பையனை ஆபரேஷனுக்கே அனுப்பிட்டீங்க, போங்க."

இரண்டாம் முறை கடைக்கு

மார்கழி பிறந்தது. பொங்கலுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது, நிரந்தர இடம் ஒன்றும் அமையவில்லை. எனக்கு உள்ளூர பயம் வந்துவிட்டது. பெரிய மிஷினை மாமாவே எடுத்துக்கொண்டார். அவருடைய ஆற்றுப் படுகைத் தோப்பில் மண்டியிருந்த புதருக்கு அந்தப் பிளேடு நன்றாகவே பொருந்தியது. தான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தடவை தனியாகப் போனேன். எடை குறைந்த மிஷின் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, பட்டை எங்கே அழுத்துகிறது, குனிந்தால் கனம் முன்னால் இழுக்கிறதா என்று பார்த்தேன். முடுக்கிப் பிடித்து, கையில் நடுக்கம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தேன். கல் தெறிக்காமல் இருக்கக் கால் பக்கம் மறைப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். உதிரி பாகம் தஞ்சாவூரிலேயே கிடைக்குமா என்று மூன்று தடவை கேட்டேன். பழுதானால் சென்னையிலிருந்து வர வேண்டிய மிஷின், வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற என்னைப் போலத்தான், அவசரத்துக்கு உதவாது. பிறகு மிஷினை நிறுத்தி, மாட்டியபடியே டீ குடித்தேன். அரை மணி நேரம் கடைக்குள் அதை இடமும் வலமும் வீசிக்கொண்டு நடந்தேன். மோட்டார் வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் கேட்டார். "ஏம்பா, உங்க கடையில தரையைக்கூட மிஷின் வச்சுத்தான் பெருக்குவீங்களா?"

மூன்று பேர், மூன்று பாத்தி

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு தனியார் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். வருஷம் முழுக்க வேலை. நிர்வாகம் பார்க்கிற அம்மையார், அதே வேலைக்கு வந்திருந்த வேறு இருவரையும் சேர்த்து எங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு புல்தரையைக் காட்டி, வெட்டிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மற்ற இருவரும் மடமடவென்று இறங்கினார்கள்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்தில் ஆள் வந்தால் மிஷினை நிறுத்திவிடுவேன். சிங்கப்பூரில் அது சட்டம், ஏழு வருஷத்தில் உடம்பில் ஊறிவிட்டது. நம் ஊரில் நிறுத்தினால், பேசுவதற்காக நிறுத்துகிறேன் என்று நினைத்து, எந்த ஊர், யார் மகன் என்று விசாரிப்பார்கள். அன்று பார்த்து வகுப்பு மாறுகிற நேரம். பிள்ளைகள் கும்பல் கும்பலாக என் பாத்தி ஓரமாகவே போனார்கள். நான் நிறுத்தினேன், முடுக்கினேன், மறுபடி நிறுத்தினேன். மற்ற இருவரும் முடித்துவிட்டு மர நிழலில் உட்கார்ந்தபோது என் பாத்தியில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. போச்சு, பாஸ்போர்ட்டைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அழுகையே வந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

மாடி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த அம்மையார் இறங்கி வந்தார். நேரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றேன். "போன வருஷம் வந்தவரு உங்களைவிட ரொம்ப வேகம். கல்லு தெறிச்சு மூணு பிள்ளைங்களுக்குக் காயம். நீங்க நாளையிலேருந்து வந்துருங்க."

காலித் தட்டு

சிங்கப்பூருக்கு போன் செய்து, என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். எஸ்தரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கட்டிலுக்கு அடியில் இருந்த என் பெட்டியை இழுத்துத் திறந்து, என் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். ஊருக்கு வந்த நாளிலிருந்து நான் அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்திக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் வேறெங்கும் என் துணி இல்லை. பெட்டியில் வை என்று அவள் சொன்னதில்லை, வெளியே எடுத்து வை என்றும் சொன்னதில்லை.

சட்டைகளை அணைத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தாள். அவள் புடவைகளுக்கும் ஜெனியின் கவுன்களுக்கும் நடுவில் ஒரு தட்டு, பழைய காலண்டர் தாள் விரித்து, வெறுமையாக இருந்தது. "ஆவணியிலயே காலி பண்ணி வச்சது. திறந்து பாத்தா தெரிஞ்சிருக்கும், நீங்கதான் பாக்கலை."

ஆகவே தொழில் தோழர்களே, மிஷின் வாங்கப் போகும்போது புல்லையும் தோளையும் மட்டும் மனதில் வையுங்கள், ஊர் வாயை அடைக்கிற மிஷினை இன்னும் எந்தக் கம்பெனியும் செய்யவில்லை.