ரோட்டுக்கு அடியில் கேட்கிற சத்தம்

ரோட்டுக்கு லெவல் எடுக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு: எந்தத் தரையில் கால் வைத்தாலும் அது கடலைவிட எவ்வளவு உயரம் என்று மனசு கணக்குப் போடும். கல்யாண மண்டபத்தில் போடும், பால் வாங்கப் போன இடத்தில் போடும், பிரசவ வார்டில்கூட எனக்குப் போட்டது.

இதை எழுத உட்கார்ந்த நேரத்தில் வெளியே மறுபடி அந்தச் சத்தம். டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக். யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டுகிற மாதிரியே இருக்கிறது. வீட்டுக்காரர் சேதராப்பட்டு ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பாப்பா என் பக்கத்தில் தூங்குகிறாள். பயத்தில் தூக்கம் வராத அம்மாக்கள் நீங்கள் என்ன செய்வீர்களோ தெரியாது, நான் எழுதுகிறேன். வேலையில் பார்த்ததை உங்களோடு பேசிக்கொண்டிருந்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி இருக்கிறது.

தாழ்ப்பாள் போடாத தெரு

எங்கள் வீடு ஊருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்தில். வாசலுக்கு எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் கருங்கல், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். நடுவில் இருந்த மணல் போய்விட்டது, அதனால்தான் லாரி லாரியாகக் கல் கொட்டினார்கள். அலை பின்வாங்கும்போது அடியில் கிடக்கிற கல் உருண்டு இன்னொரு கல்லில் இடிக்கும். அதுதான் அந்த டொக். இது தெரிந்தும் குடிவந்த புதிதில் ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போய்ப் பார்த்தேன். கதவைத் தட்டியவரைக் காக்கவைக்கக் கூடாது, சிரித்த முகத்தோடு 'வாங்க' என்று சொல்ல வேண்டும் என்பது கான்வென்டில் சிஸ்டர்கள் போட்ட பழக்கம். பாப்பாவுக்குப் பேச்சு வந்ததும் நானும் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன்.

சுனாமிக்குப் பிறகு இந்தத் தெருவில் ராத்திரி யாரும் தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவைச் சும்மா சாத்தி, காற்றுக்குத் திறக்காமல் இருக்க அடியில் ஒரு செருப்பைச் செருகிவிடுவார்கள். விஷயம் தெரியாமல் நான் முதல் நாள் மேல் தாழ்ப்பாளைப் போட்டேன். உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்த அது கிறீச்சிட்டது பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். மறுநாள் காலையில் கூடையோடு கிளம்பியவர் என் வாசலில் நின்று, "தாப்பாளத் தேடிக்கினு நிக்கிற நேரத்துல தண்ணி உள்ள வந்துடும் பாப்பாம்மா. இந்தத் தெருவுல கதவு இருக்கிறதே ஓடுறதுக்குத்தான்" என்றார்.

கடலை எங்கே போடுவது

லெவல் எடுக்கிறவள் அங்கே ஏன் குடிபோனாய் என்று கேட்பீர்கள். எங்கள் ஆபீஸ் டிராயிங்கில் அந்தத் தெரு நல்ல மேட்டில் இருந்தது. அதை நம்பித்தான். ரோட்டுத் திட்டங்கள் போட்டுக்கொடுக்கிற தனியார் ஆபீஸ் எங்களுடையது. நான் சிவில் டிப்ளமோ. கடலோர ரோட்டுக்குத் திட்டம் கேட்டவர்கள் இந்த முறை புதுசாக ஒன்று சேர்த்திருந்தார்கள்: பருவநிலை மாற்றத்துக்கென்று ரிப்போர்ட்டில் தனியாக ஒரு அத்தியாயம் வேண்டும். கடல் ஏறினால், ஒரு பருவத்து மழை ஒரே நாளில் கொட்டினால் ரோடு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். கான்வென்டில் படித்தவள், இங்கிலீஷ் எழுதுவாள் என்று அதை என் தலையில் கட்டினார்கள். படித்துப் படித்து, புயல் நாளில் தண்ணீர் ஏறக்கூடிய உயரத்தை டிராயிங்கில் நீலப் பென்சிலால் இழுத்தேன். பாதி ரோடு நீலத்துக்குள் போயிற்று. எங்கள் தெரு மட்டும் தீவு மாதிரி வெளியே நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதில் இன்னொரு சிக்கல். டிராயிங்கில் கரையைக் காட்டுகிற கோடு பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது. அந்தக் கோடு இருக்கிற இடத்தில் இப்போது ஆள் முங்குகிற தண்ணீர். கரையைப் புதுசாக எங்கே போடட்டும் என்று எங்கள் சீஃப் இன்ஜினியரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர், யாரையும் அதட்டமாட்டார். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "போன டிராயிங்ல எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கட்டும்மா. நாம ஒரு எடத்துல போட்டா, ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வர்றதுக்குள்ள அது வேற எடத்துக்குப் போயிடுது."

முசியேயின் சந்தேகம்

பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி போட்டு, சுவரில் டிராயிங்கை ஒட்டி, குப்பத்து ஜனங்களை வரச்சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர்களுக்குத் தெரியும், பேசுவதும் நாம்தான், வியர்ப்பதும் நாம்தான். ரோட்டை முழங்கால் அளவு உசத்தப் போகிறோம், அப்புறம் வெள்ளம் வந்தாலும் பஸ் போகும், ஆம்புலன்ஸ் போகும் என்று விளக்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் டிராயிங்கில் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், தெருவில் எல்லோருக்கும் அவர் முசியே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, செத்த வீட்டில் பேசுகிற குரலில் கேட்டார்: "உங்க ரோடு தண்ணிக்கு மேல இருக்கும் மதாம், சந்தோஷம். எங்க வீடுங்க ரோட்டுக்குக் கீழ இருக்கும். அப்புறம் அந்த ரோட்டுல போறது யாரு?"

உசந்துபோன ஊர்

லெவல் எடுப்பதற்கு அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதன் உயரம் தெரிந்தால்தான் மற்றதை அளக்க முடியும். பெஞ்ச்மார்க் என்போம். எங்களுக்கு அது எங்கள் தெருமுனையில், வாய்க்கால் கடலில் விழுகிற இடத்திலிருக்கிற சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர். சிவப்புப் பெயிண்டில் ஒரு முக்கோணம் போட்டிருக்கும். மழைக்காலம் முடிந்து மறுபடி அளந்தபோது ஒரு அதிசயம் நடந்தது. ரோடு உசந்திருந்தது. கோயில் படி உசந்திருந்தது. கரண்ட் கம்பத்தின் அடி உசந்திருந்தது. எல்லாம் ஒரே அளவு. ஆபீஸில் ஒரே சிரிப்பு. கடல் ஏறினால் ஊரும் கூடவே ஏறிவிடுகிறது, உன் அத்தியாயத்தை மாற்றி எழுது என்றார்கள்.

சர்வேயர் ரஹ்மத் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் இருக்கிற வேறொரு பெஞ்ச்மார்க்கிலிருந்து தொடங்கி, என்னையும் கூட்டிக்கொண்டு, தெருத்தெருவாக அளந்தபடி கடலுக்கு வந்தார். கடைசியாகப் பாலத்துச் சுவரில் அளவுக்கம்பத்தை வைத்துப் பார்த்தால், ஊர் ஏறவில்லை, பாலம் இறங்கியிருக்கிறது. இறங்கிய பாலத்தை அசையாதது என்று நம்பி அளந்ததில் மற்றதெல்லாம் உயரமாகத் தெரிந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன். தாருக்கு அடியில் மண் இல்லை. ரோடு அந்தரத்தில் ஒரு பலகை மாதிரி நின்றது. உள்ளே இருட்டில் தண்ணீர் வந்து வந்து போனது, யாரோ படுத்து மூச்சு விடுகிற மாதிரி. அங்கேயும் ஒரு கல் இடித்தது. டொக். ரஹ்மத் அண்ணன் என் கையைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுத்துவிட்டு, "போன தடவை எடுத்தப்பவே இது எறங்கிக்கிட்டுதான் இருந்திருக்கும் தங்கச்சி. உன் வீட்டு லெவலும் இதுலேர்ந்து எடுத்ததுதானே?" என்றார்.

வாசலில் வந்தவர்

மறுநாள் என் வாசற்படியில் அளவுக்கம்பத்தை வைத்தோம். நான் நம்பிக் குடிவந்த மேடு அங்கே இல்லை. என் நீலக் கோடு எங்கள் வீட்டு ஜன்னலுக்குள் புகுந்து, பாப்பாவின் தொட்டிலைத் தாண்டிப் போகிறது. பாலத்தில் லாரி ஏறாமல் கயிறு கட்டிவிட்டார்கள். வீட்டுக்காரரும் ஒப்புக்கொண்டு, லாஸ்பேட்டையில் மேடான இடத்தில் வீடு பார்த்துவிட்டோம். அந்த வீட்டில் இருப்பவர்கள் பிள்ளைகளின் பரீட்சை முடிந்துதான் காலி செய்வார்கள். அதுவரை இங்கேதான். நானும் தெரு வழக்கப்படி கதவைச் சாத்தி, செருப்பைச் செருகி, ஒரு கையைப் பாப்பாமேல் போட்டுக்கொண்டு, தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி ராத்திரியைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நேற்று சாயங்காலம் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. வழக்கமானதுதானே என்று இருந்துவிட்டேன். திடீரென்று கடல் காற்று அடுப்படி வரைக்கும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் செருப்பு ஓரமாகத் தள்ளிக் கிடக்கிறது, கதவு முழுக்கத் திறந்திருக்கிறது, பாப்பா வாசற்படி இறங்கி நிற்கிறாள். ரோட்டில் ஒரு ஆள் இல்லை. எதிரே கல் பக்கத்தில் தார் உள்வாங்கி, காலையில் இல்லாத ஒரு பள்ளம், வாயைத் திறந்து வைத்த மாதிரி. அதற்குள்ளிருந்து இன்னொரு தடவை தட்டியது. பாப்பா அதைப் பார்த்துச் சிரித்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டி, "வாங்க, உள்ள வாங்க" என்றாள்.

நேற்று ராத்திரி வீட்டுக்காரருக்கு லீவு. கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். இன்றைக்கு நானும் பாப்பாவும் மட்டும்தான். தண்ணீர் வந்தால் ஓடத் திறந்த கதவு வேண்டும், தண்ணீர் கூப்பிட்டால் பாப்பா போகாமலிருக்க மூடிய கதவு வேண்டும். இதற்கு எந்த அத்தியாயத்திலும் பதில் இல்லை.

ஊர் ரோடெல்லாம் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற நான், என் சொந்த வீட்டுக்கென்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒரே உயரத்தைக் கண்டுபிடித்து, பாப்பாவின் கை எட்டாத அந்த மேல் தாழ்ப்பாளை இப்போதுதான் உள்பக்கமாகப் போட்டுவிட்டு வந்தேன்.